கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?

"கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்று நம் பாட்டிமார்கள் கேட்பது வழக்கம். தாயார் இரண்டு அடி வைத்தால் பிள்ளை கெட்டுப் போய்விடாது என்பதற்குச் சொன்ன பழமொழி அது. வாஸ்தவந்தான்; தாய்க்கோழி மிதித்துச் செத்த குஞ்சு அபூர்வம். ஆனால், கொல்லையில் கோழி வளர்க்கிற எந்த வீட்டுக்காவது போய், "போன தடவை பொரித்ததில் எத்தனை குஞ்சு நின்றது?" என்று கேட்டுப் பாருங்கள். "பன்னிரண்டு பொரித்தது, நாலு நின்றது" என்பார்கள். மீதி எட்டும் எங்கே? "ஒன்றைக் காக்காய் தூக்கிற்று, ஒன்று பூனைக்குப் போயிற்று, மற்றதெல்லாம் சீக்கு" என்று பதில் வரும்.

அந்தச் சீக்கு எங்கிருந்து வந்தது? ஆகாயத்திலிருந்து வரவில்லை. பாதிக்கு மேல் குஞ்சின் காலுக்கு அடியிலிருந்துதான் வந்தது. தீனியைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் கவலைப்படுகிற நாம், குஞ்சு நிற்கிற தரையைப் பற்றி யோசிப்பதே இல்லை. அதைப் பற்றித்தான் இன்று உங்களுடன் கொஞ்சம் பேச வேண்டும். ஆனால் குஞ்சு தரைக்கு வருமுன் முட்டையிலிருந்து வெளியே வர வேண்டும் அல்லவா? ஆகையால் அங்கிருந்தே ஆரம்பிப்போம். சைவக் குடும்பத்துச் சகோதரிகள் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குத் தாவிவிட வேண்டாம். ஒரு முட்டை உயிராகிற அதிசயத்தைத் தெரிந்து கொள்வதில் ஆசாரக் குறைவு எதுவும் இல்லை.

அடை வைக்குமுன் ஒரு கேள்வியை வீட்டில் பேசி முடித்துக் கொள்ளுங்கள். பொரிக்கிற குஞ்சில் ஏறக்குறையப் பாதி சேவலாக இருக்கும். பத்துக் குஞ்சு பிழைத்தால் ஐந்து சேவல் என்று வைத்துக் கொள்ளலாம். அத்தனையும் நாலைந்து மாதத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு உங்களையும், பக்கத்து வீட்டையும், அதற்கு அடுத்த வீட்டையும் எழுப்பும். அவற்றை விற்பதா, யாருக்காவது கொடுப்பதா, சமையலுக்கா என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். குழந்தைகள் ஒவ்வொரு குஞ்சுக்கும் பெயர் வைத்து விட்ட பிறகு அதைப் பேச ஆரம்பித்தால் வீட்டில் அழுகைதான் மிஞ்சும்.

எந்த முட்டை?

கடையில் வாங்குகிற வெள்ளை முட்டையை அடை வைத்தால் குஞ்சு வருமா என்று பலர் கேட்கிறார்கள். வராது. நாமக்கல் பக்கத்துப் பெரிய பண்ணைகளில் முட்டைக் கோழிகளோடு சேவலே வைப்பதில்லை. சேவல் சேராத முட்டையில் கரு இல்லை. எத்தனை நாள் அடை காத்தாலும் அது கூமுட்டைதான். சேவலோடு மேய்கிற கோழியின் முட்டைதான் வேண்டும். அதிலும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த முட்டையை நம்ப வேண்டாம். அந்தக் குளிர் கருவுக்கு ஆகாது.

முட்டை இடுமுன்பே கருவின் வளர்ச்சி தொடங்கிவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. கோழியின் வயிற்றை விட்டு வெளியே வந்து ஆறியதும் அது தூங்கிப் போகிறது. சுமார் 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இருந்தால் நன்றாகத் தூங்கும். அதற்கு மேலே போனால் அரைத் தூக்கமாக வளரவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் நைந்து போகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சமையலறை அலமாரியில் பத்து நாள் சேர்த்து வைத்த முட்டை ஏன் பொரிப்பதில்லை என்பது இப்போது விளங்குகிறதா? குளிர்காலமானால் ஏழு நாள் வரை சேர்த்து வைக்கலாம். கோடையில் நாலைந்து நாளுக்கு மேல் வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், மண்பானைக்குள், கூர் முனை கீழே இருக்கும்படி வையுங்கள். அழுக்காக இருக்கிறதே என்று கழுவாதீர்கள். ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய்விடும். ஓட்டிலுள்ள நுண்ணிய துளைகள் வழியாகக் கிருமி உள்ளே புகுந்துவிடும். மிகவும் அழுக்கான முட்டையைக் குழம்புக்கு எடுத்துக் கொண்டு, சுத்தமானதை அடைக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.

அடைக்கோழி

எல்லாக் கோழியும் அடைக்கு உட்காராது. வெள்ளை லெகார்ன் என்று ஒரு ஜாதி உண்டு; இத்தாலி தேசத்து லிவோர்னோ துறைமுகத்தின் பெயரைத் தாங்கியது. வருஷம் முழுவதும் முட்டையிடும், ஆனால் அடை காக்கிற எண்ணமே அதற்குக் கிடையாது. முட்டைக்காக என்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்ததில் தாய்மைச் சுபாவம் கழன்று போயிற்று. நம் நாட்டுக் கோழியில், அதிலும் சிறுவிடையில், அந்தக் குணம் இன்னும் கெடவில்லை. நாலைந்து பெட்டைக்கு ஒரு சிறுவிடை வைத்திருப்பவர்களுக்குப் பொரிப்பு இயந்திரமே தேவையில்லை.

அடைக்கு வந்த கோழியைப் பார்த்தவுடன் தெரியும். கேறுவது நின்றுவிடும், "கொக் கொக்" என்று அடித்தொண்டையில் ஒரே முணுமுணுப்பு. உடம்பைப் பந்து போல் உப்பிக் கொண்டு கூட்டை விட்டு நகராது. கையை நீட்டினால் கொத்தும். அடிவயிற்றில் இறகு உதிர்ந்து, தோல் சூடாக இருக்கும். அந்தச் சூடு நேராக முட்டையில் படுவதற்காக இயற்கை செய்த ஏற்பாடு அது. இத்தனையும் இருந்தாலும் உடனே நல்ல முட்டைகளை வைத்து விடாதீர்கள். இரண்டு நாள் ஏதாவது இரண்டு உதவாத முட்டையை வைத்து, அம்மாள் நிலைத்து உட்காருகிறாளா என்று பாருங்கள். பிறகு இராத்திரி விளக்கு வைத்த பின், சத்தமில்லாமல் நல்ல முட்டைகளை மாற்றுங்கள். பகலில் மாற்றினால் சந்தேகப்பட்டு எழுந்து போகிற கோழிகளும் உண்டு.

எத்தனை முட்டை என்றால், சிறிய கோழிக்கு ஒன்பது, பெரியதற்குப் பதின்மூன்று. ஒற்றைப் படையாக வைப்பது பெரியவர்கள் வழக்கம். கூடையில் முட்டையோடு ஒரு இரும்புத் துண்டு, கரித் துண்டு, மிளகாய் வற்றல் போடுகிற பழக்கமும் பல வீடுகளில் உண்டு. இடிச் சத்தத்தில் முட்டை கெடாதிருக்க என்பார்கள். போடுகிறவர்கள் போட்டுக் கொள்ளட்டும். இடியை விடக் கோழிப் பேன் அதிகம் கெடுக்கும் என்பது என் அபிப்பிராயம். பேன் பிடுங்கினால் கோழி இருக்கை கொள்ளாமல் எழுந்துவிடும். ஆகையால் உட்கார்த்தி வைக்குமுன் இறக்கையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். கூடையின் அடியில் நாலு விரற்கடை ஈர மண், அதன் மேல் நன்றாகக் காய்ந்த வைக்கோல், நடுவில் கொஞ்சம் குழிவு. அது போதும்.

தினம் ஒரு தடவை கோழி எழுந்து பதினைந்து இருபது நிமிஷம் தீனி, தண்ணீர், மண் குளியல் எல்லாம் முடித்துக் கொண்டு வரும். "ஐயோ, முட்டை ஆறிப் போகிறதே!" என்று அதைத் துரத்தாதீர்கள். அந்த நேரத்துக்குள் முட்டையின் உள்சூடு குறைந்து விடாது. எழுந்திருக்கவே இல்லையென்றால்தான் கவலை. தானாக எழாத கோழியை நீங்களே மெதுவாகத் தூக்கித் தீனியருகே விட வேண்டும்.

இருபத்தொரு நாள்

கோழி முட்டைக்கு 21 நாள். வாத்து, வான்கோழி என்றால் 28. காடைக்குப் பதினேழு, பதினெட்டு. இந்தக் கணக்கை மனிதர்கள் மிகவும் பழங்காலத்திலேயே கண்டுபிடித்து விட்டார்கள். எகிப்து தேசத்தில் களிமண் அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை அடுக்கி, எருமுட்டையையும் வைக்கோலையும் எரித்துக் குஞ்சு பொரிக்கிற தொழில் பரம்பரை பரம்பரையாக நடந்து வந்திருக்கிறது. உஷ்ணமானி எதுவும் கிடையாது. முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துப் பார்ப்பார்கள், இமை சொல்லிவிடும். உஷ்ண அளவுக்குத் தம் பெயரையே கொடுத்த பிரெஞ்சு விஞ்ஞானி ரேயோமூர் இந்த வித்தையில் மயங்கி, செயற்கையாகக் குஞ்சு பொரிப்பது பற்றி 1749-ல் ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார்.

அடைக்கோழி கிடைக்காதவர்கள் இன்று தெர்மாகோல் பெட்டி, பல்பு, சின்ன விசிறி, சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே பொரிக்கிறார்கள். விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி வேண்டும். ஒரு டிகிரி குறைந்தால் குஞ்சு தாமதமாகும். ஒரு டிகிரி கூடினால் ஆபத்து. மின்சாரம் போனால் பதற வேண்டாம். பெட்டியைத் திறக்காமல் கம்பளியால் மூடி வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். உள்ளே கிண்ணத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். முதல் 18 நாள் காற்றின் ஈரம் நூற்றுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து; கடைசி மூன்று நாள் அறுபத்தைந்துக்கு மேல். இந்த ஈரத்தை அலட்சியம் செய்தால் ஓட்டின் உள்தோல் காய்ந்து குஞ்சின் மேல் காகிதம் போல் ஒட்டிக் கொள்ளும்.

முட்டையைத் திருப்புவதுதான் பெட்டிக்காரர்களுக்கு உள்ள பெரிய வேலை. தாய்க்கோழி இரவும் பகலும் அலகால் உருட்டிக் கொண்டே இருக்கும். உருட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக் கொண்டு இறந்து போகும். பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறியும், மறு பக்கம் சுழியும் போட்டு, தினம் மூன்று தடவையோ ஐந்து தடவையோ திருப்புங்கள். ஒற்றைப் படை எதற்கென்றால், நீண்ட இராப் பொழுது முழுவதும் முட்டை தினமும் ஒரே பக்கமாகக் கிடக்கக் கூடாது. பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட வேண்டும். குஞ்சு வெளியே வருவதற்கு உள்ளே தன் இடத்தைப் பார்த்துக் கொள்கிற சமயம் அது.

ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கைப்பேசியில் இருக்கிற விளக்கே போதும். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றிச் சிலந்தி கால் பரப்பினாற்போல் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் பளிச்சென்று இருந்தால் கரு இல்லை. நரம்பு இல்லாமல் ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு வளர்ந்து நின்று போயிருக்கிறது. இந்த இரண்டையும் உடனே எடுத்துவிடுங்கள். விட்டு வைத்தால் அழுகி வெடித்து, நல்ல முட்டைகளையும் பாழாக்கிவிடும். வீட்டுக் குழந்தைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள். புத்தகத்தில் எத்தனை படம் பார்த்தாலும், உள்ளே அந்தச் சின்னப் புள்ளி துடிப்பதைக் கண்ணால் பார்ப்பது போலாகாது.

இருபதாம் நாள் காதருகே வைத்தால் உள்ளிருந்து "கீச்" என்று கேட்கும். முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறையைக் குஞ்சு அலகால் குத்தி, முதல் மூச்சை எடுத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்தபடி ஓட்டில் ஒரு விரிசல். அதற்குப் பிறகு மணிக்கணக்காக ஒன்றும் நடக்காது! இங்கேதான் நம் கை துறுதுறுக்கும். "பாவம், கஷ்டப்படுகிறதே" என்று ஓட்டை உரித்து உதவி செய்யத் தோன்றும். வேண்டாம், வேண்டாம். விரிசல் விட்டதிலிருந்து வெளியே வர அரை நாள், சில சமயம் ஒரு நாளே ஆகும். அதற்குள் ஓட்டின் உள்தோலில் ஓடுகிற ரத்தம் முழுவதும் குஞ்சின் உடம்புக்குள் போக வேண்டும். மிச்சமுள்ள மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபட வேண்டும். அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கொட்டிச் செத்துப் போகும்.

வெளியே வந்த குஞ்சுக்கு உடனே தீனி போட்டாக வேண்டும் என்பதும் இல்லை. வயிற்றுக்குள் போன அந்த மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளுக்குக் கட்டுச் சோறு. அமெரிக்காவில் 1918 முதல் ஒரு நாள் குஞ்சுகளைத் தபாலில் அனுப்ப அனுமதித்ததே இந்தத் தைரியத்தில்தான்.

காலுக்கு அடியில்

இப்போது குஞ்சு தரைக்கு வந்துவிட்டது. தாய்க்கோழியோடு கொல்லை மண்ணில் பகல் முழுவதும் கீச்சிட்டுக் கொண்டு திரிகிற குஞ்சுக்குத் தரையைப் பற்றி நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நகரத்து வீட்டில் அவ்வளவு இடம் ஏது? பகலில் பஞ்சாரத்தின் கீழும், இரவில் கூண்டிலும், பெரும்பாலும் சிமெண்டுத் தரையில்தான் வாசம். அந்தச் சிமெண்டின் மேல் எதைப் பரப்புகிறோம் என்பதில்தான் குஞ்சின் ஆயுள் இருக்கிறது.

செங்கற்பட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்த அன்றைக்கே பதின்மூன்று முட்டை அடை வைத்தார். கணக்குப் பாருங்கள்: 21 நாளில் பொரிக்கும், ஆறு மாதத்தில் பெட்டைகள் முட்டையிடத் தொடங்கும், மகள் பிரசவித்துப் படுத்திருக்கும்போது வீட்டு முட்டையே கிடைக்கும். யாரிடமும் காசு கேட்க வேண்டாம், எல்லாம் தம் சிறுவாட்டிலேயே முடிந்துவிடும். பதினொரு குஞ்சு பொரித்தது. சிமெண்டுத் தரை ஜில்லென்று இருக்கிறதே என்று இரண்டு சாக்கை மடித்துப் போட்டு, பக்கத்தில் அகலமான தட்டில் தண்ணீர் வைத்தார். மூன்றாவது வாரம் மழை பிடித்துக் கொண்டது. நாலாவது வாரம் குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப் போட்டுக் கொண்டு, கண்ணை மூடி மூடி நின்றன. எச்சத்தில் ரத்தம். நாலு நாளில் ஆறு போய்விட்டன.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்து எழுதினார். பிறகு அந்தச் சாக்கைக் காலால் புரட்டிக் காட்டி, "அம்மா, மருந்து அப்புறம். முதலில் இதைத் தூக்கி வெளியே எறியுங்கள்" என்றார். சாக்கின் அடிப்பக்கம் பிழிந்தால் சொட்டுகிற ஈரம்!

அதற்கு ரத்தக் கழிச்சல் என்று பெயர். மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரையுள்ள குஞ்சுகளுக்கு எமன். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி குடலில் வளர்ந்து, அதன் விதை போன்ற முட்டைகள் எச்சத்தோடு வெளியே வருகின்றன. வந்தவுடன் அவை ஒன்றும் செய்யாது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து, அதற்குப் பிறகே நோய் உண்டாக்கும் சக்தியைப் பெறுகின்றன. தரை காய்ந்திருந்தால் பெரும்பகுதி முதிராமலே போகும். சூட்சுமம் அவ்வளவுதான். மருந்து இல்லாமல், செலவு இல்லாமல், உலர்ந்த கூளம் ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

சரி, எதைப் பரப்புவது? நல்ல கூளத்துக்கு இரண்டு குணம் வேண்டும். ஈரத்தை உறிஞ்ச வேண்டும்; உறிஞ்சியதைக் காற்றில் விடவும் வேண்டும். வாங்கத் தெரிந்து கொடுக்கத் தெரியாத மனிதர்கள் போல, உறிஞ்சிக் கொண்டு விடாத கூளமும் உண்டு. வைக்கோல் அந்த ரகம். மேலே காய்ந்தாற்போல் இருக்கும், அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பூக்கும். அந்தப் பூஞ்சணத் தூள் குஞ்சின் நுரையீரலில் ஏறினால் வாயைப் பிளந்து கொண்டு மூச்சு வாங்கும். வைக்கோல்தான் கிடைக்கிறது என்றால் இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் போட்டு, அடிக்கடி மாற்ற வேண்டும். நிலக்கடலைத் தோலும் நல்லதுதான், ஆனால் சற்று நனைந்தாலும் அதே பூஞ்சண உபத்திரவம்.

மரத்தூள் நன்றாக உறிஞ்சும். ஆனால் பொடியாக இருப்பதால் முதல் வாரக் குஞ்சு அதைத் தீனி என்று நினைத்துக் கொத்தித் தின்று வயிறு அடைத்துப் போகும். கொஞ்சம் வளர்ந்த பிறகு போடலாம். தச்சுப் பட்டறையில் இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழுகிறதே, அந்தச் சீவல் எல்லாவற்றிலும் உயர்த்தி. மருந்தடித்த மரமா, வர்ணம் பூசிய மரமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். தென்னை நார்க் கழிவு தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும். ஆனால் காய்ந்தால் ஒரே தூசி, நனைந்தால் களி. மணலைச் சிலர் மிகவும் புகழ்கிறார்கள். வெயில் காலத்தில் கோழிக்குக் குளிர்ச்சியாக இருக்கும், எச்சத்தைச் சலித்து எடுத்துவிடலாம். ஆனால் ஐப்பசி மழையில் ஒரு தடவை ஊறினால் கார்த்திகை முடிந்தாலும் காயாது.

நம் ஊருக்கு ஏற்றது நெல் உமி என்பதே என் கட்சி. அதிகம் உறிஞ்சாது என்பது குறைதான். ஆனால் காற்று உள்ளே புகுந்து போவதால் விரைவில் உலர்ந்துவிடும், பூஞ்சணம் சுலபத்தில் பிடிக்காது. இரண்டு பங்கு உமிக்கு ஒரு பங்கு சீவல் கலந்தால் குறையும் தீர்ந்தது. அரிசி ஆலைகள் பல, உமியைத் தங்கள் கொதிகலனுக்கே எரித்துக் கொள்கின்றன. ஆகவே முட்டை வைத்த வாரமே சொல்லி வைத்து, ஒரு மூட்டை வாங்கி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்து விடுங்கள். தவிடு கலந்த உமி வேண்டாம்; அது ஈரத்தில் புளித்துவிடும்.

குஞ்சுக்கு இரண்டு அங்குல ஆழம் போதும். வளர்ந்த கோழிக்கு நாலு அங்குலம், மழைக்காலத்தில் ஆறு. முதல் மூன்று நாலு நாள் மட்டும் உமியின் மேல் சொரசொரப்பான பழைய துணியையோ, நெளிநெளியான அட்டையையோ விரித்து, அதன் மேல் தீனியைத் தூவுங்கள். எது தீனி, எது உமி என்று குஞ்சு தெரிந்து கொள்ளட்டும். துணியைத் தினம் மாற்றுங்கள். வழவழப்பான செய்தித்தாள் மட்டும் வேண்டாம். பிஞ்சுக் கால் வழுக்கி, இரண்டு பக்கமும் அகன்று, பிறகு நிற்கவே முடியாமல் போய்விடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? எச்சத்தைவிடத் தண்ணீர்ப் பாத்திரத்திலிருந்துதான் அதிகம். பாத்திரத்தை ஒரு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்துக்கு இருந்தால் சிந்தாது. குஞ்சு வளர வளர உயர்த்துங்கள். முதல் வாரம் தட்டில் நாலு கூழாங்கல்லைப் போட்டு வைத்தால் விழுந்து மூழ்காது. பாத்திரத்தைச் சுற்றி உமி கட்டி தட்டினால் அந்தப் பிடியை அன்றே எடுத்து எறிந்து, புதிதாகப் போடுங்கள். மற்ற இடத்தை இரண்டு நாளுக்கொரு தடவை கிளறி விட்டால் போதும். வளர்ந்த கோழிகளானால் ஒரு பிடி தானியத்தைத் தூவிவிடுங்கள்; கிளறுகிற வேலையை அவையே செய்து கொள்ளும்.

கூளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விடுங்கள். கொழுக்கட்டை மாதிரி பிடித்தபடியே இருந்தால் ஈரம் அதிகம். சற்றுச் சேர்ந்து, உடனே உதிர்ந்தால் சரியான பதம். தூசியாகப் பறந்தால் மிகவும் காய்ந்திருக்கிறது. இன்னொரு சோதனை மூக்கு. ஆனால் நின்று கொண்டு முகராதீர்கள். குஞ்சின் உயரத்துக்குக் குனிந்து முகருங்கள். கண்ணில் சுருக்கென்று நீர் வந்தால் அது அம்மோனியா வாயு. ஒரு நிமிஷத்தில் நீங்கள் எழுந்து விடுவீர்கள். குஞ்சு இரவு முழுவதும் அங்கேயே இருக்க வேண்டும்.

இத்தனை சொன்ன பிறகு ஓர் ஆச்சரியத்தையும் கேளுங்கள். சுத்தம் என்றால் தினம் கூளத்தை வாரிக் கொட்டிப் புதிதாகப் போடுவது என்றுதானே நினைப்போம்? 1940-களில் அமெரிக்காவில் ஒஹையோ விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் கென்னார்டு, சேம்பர்லின் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பழைய கூளத்தின் மேலேயே புதிது சேர்த்துக் கிளறி வந்த தரையில், புதுக் கூளத்தைவிடக் குஞ்சுகள் நன்றாகப் பிழைத்தன! பழகிய கூளத்தில் நல்ல நுண்ணுயிர்கள் பெருகி எச்சத்தை மக்க வைக்கின்றன. நோய்க்கிருமியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தித்துக் குஞ்சின் உடம்பு எதிர்ப்புச் சக்தியும் பெறுகிறது. பி-12 வைட்டமின் கூட அந்தக் கூளத்தில் உண்டாகிறது. கோழி அதைக் கொத்திக் கொள்கிறது. இதைத்தான் நம் கால்நடைத் துறையினர் ஆழ்கூளம் என்கிறார்கள். தயிருக்கு உறை மோர் போல என்று வைத்துக் கொள்ளுங்களேன். ஆனால் காய்ந்த கூளத்துக்கே இந்த மரியாதை. நனைந்தது, சீக்கு வந்த குஞ்சு இருந்தது என்றால் முழுவதையும் வாரி அப்புறப்படுத்த வேண்டியதுதான்.

தாயில்லாக் குஞ்சுக்கு

பெட்டியில் பொரித்த குஞ்சுக்குச் சூடும் நாமே கொடுக்க வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக் கொண்டே வர வேண்டும். சென்னைக் கோடையில் பகலில் விளக்கே தேவைப்படாது. உஷ்ணமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூச்சலிட்டால் குளிர்கிறது. தூரப் போய் வாயைத் திறந்து கொண்டு கிடந்தால் சூடு அதிகம். அங்குமிங்கும் பரவி, தங்களுக்குள் மெதுவாகப் பேசிக் கொண்டிருந்தால் சௌகரியமாக இருக்கின்றன. இப்போது வீடுகளில் எரிகிற எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிர, குஞ்சுக்குப் போதிய சூடு தராது. பழைய இழை பல்பு தேடி வாங்க வேண்டும். அதைக் கம்பியில் உறுதியாகக் கட்டித் தொங்க விடுங்கள்; கீழே இருப்பது உமி, விழுந்தால் பற்றிக் கொள்ளும். சுற்றிலும் ஒன்றரை அடி உயர அட்டையை வட்டமாக நிறுத்துங்கள். மூலை இருந்தால் அங்கே போய் நெருக்கிக் கொண்டு, அடியில் அகப்பட்டது மூச்சு முட்டிப் போகும்.

தீனிக்கு நொய், இடித்த கம்பு, கேழ்வரகு போதாது. முதல் எட்டு வாரம் குஞ்சுத் தீவனம் என்று கடையில் கிடைப்பதையும் சேர்த்துக் கொடுங்கள். வெள்ளைக் கழிச்சலுக்கு முதல் வாரமே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட வேண்டும். குமாவூன் மலையிலுள்ள ராணிக்கெட் ஊரின் பெயரை நம் நாட்டில் இந்த வியாதிக்கு வைத்து அழைக்கிறார்கள். அந்த ஊருக்கு இப்படி ஒரு கீர்த்தி! வந்த பிறகு அதற்கு மருந்து கிடையாது. அடுத்த சொட்டு எப்போது, ஊசி எப்போது என்பதையெல்லாம் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். குஞ்சைத் தொட்ட குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் முத்தம் கொடுக்க விடக் கூடாது. வயிற்றுப் போக்கு உண்டாக்குகிற கிருமி குஞ்சின் இறகில் இருக்கலாம்.

அந்தச் செங்கற்பட்டு அம்மாள் மறுபடி அடை வைத்தாரா என்று கேட்பீர்கள். வைத்தார். ஒன்றரை மாதம் கழித்து அதே கோழி. இந்தத் தடவை உமி இரண்டு அங்குலம், தண்ணீர் செங்கல்லின் மேல். ஒன்பது பொரித்து, கீரிக்கு ஒன்று போக, எட்டு நின்றது. பேரனுக்குப் பெயர் வைத்த பிறகுதான் முதல் பெட்டை முட்டையிட்டது.

கடைசியாக, வருஷத்துக்கு ஒரு தடவை வாரி எடுக்கிற பழங்கூளத்தைக் குப்பை வண்டிக்குக் கொடுத்து விடாதீர்கள். உடனே செடிக்குப் போட்டால் உஷ்ணத்தில் வேர் கருகும். கொல்லை மூலையில் குவித்து, காய்ந்த சருகு கலந்து, அவ்வப்போது தண்ணீர் தெளித்துப் புரட்டி, இரண்டு மூன்று மாதம் மக்க விடுங்கள். நாற்றம் போய்க் கையில் மண் போல உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. வாழைக்கும் முருங்கைக்கும் அடியில் ஒரு கூடை போட்டுக் கிளறித் தண்ணீர் விடுங்கள். கீரைப் பாத்திக்கானால் விதைப்பதற்கு ஒரு மாதம் முன்பே மண்ணோடு கலந்து விட வேண்டும்.